வானத்துக்கும் சாயம் பூசினோம்

     

கோம்பைக்கு வந்து பேசுவதிலே ஒரு வசதி இருக்கிறது ஐயா. வேறு ஊரிலே ஒருவரைப் பார்த்து 'நாய்' என்று சொன்னால் சண்டை வரும். கோம்பையிலே சொன்னால், "எங்க ஊர்ப் பேரை நாடு பூராவும் கொண்டுபோனதே அதுதானம்மா" என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். (சிரிப்பு) செம்பழுப்பு உடம்பு, கறுத்த மூஞ்சி, கட்டான தேகம். அந்தக் கோம்பை நாய், வீட்டுக்கு வருகிறவனை எப்படி அடையாளம் காண்கிறது? அவன் போட்டிருக்கிற சட்டையைப் பார்த்தா? இல்லை. கிட்டே வந்து மோந்து பார்த்து முடிவு செய்கிறது. வெள்ளைச் சட்டைக்காரன் எல்லாம் நல்லவன் என்று நம்பாத பிராணி அது. நடுவர் அவர்களே, எங்கள் அணிக்கு முதல் சாட்சி இந்த ஊர் நாய்தான். (கைதட்டல்)

இன்றைய தலைப்பு, 'நம்மை அதிகம் மயக்குவது காதில் விழும் சொல்லா? கண்ணில் படும் படமா?' என்பது. படமே என்று சொல்ல நான் வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, சொல்தான் மயக்கும் என்றார். கூனி சொன்ன சொல்லால்தானே அயோத்தி அழுதது என்று கேட்டார். கேட்டதும் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் தம்பி பாதி ராமாயணத்திலேயே நிறுத்திவிட்டார். கூனியின் சொல் ராமனைக் காட்டுக்குத்தான் அனுப்பியது. காட்டிலே சீதையும் கூடத்தானே இருந்தாள்? குடும்பத்தைப் பிரித்தது எது? பொன்மான்! யாரும் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஓர் உருவம் ஓடியது. அதன்மேல் ஒரு நிறம் மின்னியது. அந்த நிறம் அதனுடைய சொந்த நிறமும் இல்லை. கண் மயங்கியது, குடும்பம் பிரிந்தது. (கைதட்டல்)

தம்பி இன்னொன்றும் சொன்னார். 'கோள் சொல்கிறவன் குடியைக் கெடுப்பான்' என்றார். தமிழிலே புறங்கூறுவதும் கோள், வானத்திலே சுற்றுவதும் கோள். அவர் திண்ணையிலே இருக்கிற கோளைச் சொன்னார். நான் வானத்திலே இருக்கிற கோளைச் சொல்கிறேன். அந்தக் கோள்களைப் பற்றி நம் படங்கள் சொல்லி வைத்திருக்கிற கோள் இருக்கிறதே, அதைக் கேளுங்கள்.

பள்ளிக்கூடத்திலே ஒரு படம் மாட்டியிருப்பார்கள். சூரியக் குடும்பம். சூரியன் மஞ்சள். வெள்ளி ஆரஞ்சு. செவ்வாய் ரத்தச் சிவப்பு. யுரேனஸ் வெளிர் பச்சை. கடைசியிலே நெப்டியூன், பேனா மையைக் கொட்டியதுபோலக் கருநீலம். பிள்ளைகள் கிரேயான் வாங்கி அப்படியே தீட்டுவார்கள். நீலம் தீட்டாமல் விட்டால் மார்க் போகும்!

அந்த நீலம் எங்கே இருந்து வந்தது தெரியுமா? வாயேஜர் 2 என்று ஒரு விண்கலம். 1977-ல் பூமியை விட்டுக் கிளம்பியது. 1986 ஜனவரியில் யுரேனஸைப் பார்த்தது. 1989 ஆகஸ்டில் நெப்டியூனைப் பார்த்தது. அந்த இரண்டு கோள்களுக்கும் பக்கத்திலே போய் வந்தது இன்று வரை அது ஒன்றுதான். அது கலர் படமாக எடுத்து அனுப்பவில்லை. ஒவ்வொரு நிறக் கண்ணாடியாகக் கேமராவுக்கு முன்னால் வைத்துத் தனித்தனியாகக் கறுப்பு வெள்ளையிலே எடுத்தது. இங்கே பூமியிலே அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் கலர் படமாக்கினார்கள். நம்ம சிவகாசியிலே காலண்டர் அச்சடிக்கிறார்களே, ஒவ்வொரு மையாக ஏற்றி ஏற்றி, அதே வேலைதான். மையை ஒருபிடி கூட்டினால் காலண்டரிலே முருகன் சிவப்பார். குறைத்தால் வெளிறுவார். முருகன் அப்படியேதான் இருக்கிறார், மைதான் கூடிக் குறைகிறது. (சிரிப்பு)

நெப்டியூன் படத்திலே விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? அங்கே மேகம் இருக்கிறது, புயல் அடிக்கிறது. மணிக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் வேகத்திலே காற்று. அந்தக் கோடுகள், புள்ளிகள் எல்லாம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று நிறத்தின் அழுத்தத்தைக் கூட்டினார்கள். வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிற மாதிரி, நெப்டியூனுக்கும் நாலு சொட்டு விட்டார்கள். (சிரிப்பு)

அது தப்பா? தப்பே இல்லை. டாக்டர் எக்ஸ்ரே எடுக்கிறார். எலும்பு தெரிய வேண்டும் என்று எடுக்கிறார். அதைப் பார்த்து, "ஐயய்யோ, நம்ம மாமா உண்மையிலே இப்படித்தான் இருப்பாரா?" என்று யாராவது பயப்படுவோமா? விஞ்ஞானிகள் அன்றைக்கே படத்துக்குக் கீழே, நிறத்தைக் கூட்டியிருக்கிறோம் என்று குறிப்பும் எழுதினார்கள். ஆனால் என்ன ஆயிற்று? படம் ஊர் ஊராகப் போயிற்று. பத்திரிகைக்குப் போயிற்று, பாடப் புத்தகத்துக்குப் போயிற்று, பள்ளிச் சுவருக்குப் போயிற்று. கீழே இருந்த குறிப்பு மட்டும் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. நடுவர் அவர்களே, சொல் நம்மை ஏமாற்றவில்லை. சொல் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. படத்தின் அழகிலே மயங்கிச் சொல்லை நாம்தான் படிக்காமல் விட்டோம்! (பலத்த கைதட்டல்)

2024 ஜனவரியில் இங்கிலாந்திலே ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் இர்வின் என்ற பேராசிரியரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹப்பிள் தொலைநோக்கியையும், சிலி நாட்டிலே உள்ள பெரிய தொலைநோக்கியையும் வைத்துக் கணக்குப் பார்த்துப் பழைய வாயேஜர் படங்களைத் திருத்தினார்கள். யுரேனஸும் நெப்டியூனும் ஏறக்குறைய ஒரே நிறம்! இரண்டுமே பச்சை கலந்த வெளிர் நீலம். இரண்டிலும் மீத்தேன் வாயு இருக்கிறது. அது சூரிய ஒளியிலே உள்ள சிவப்பை விழுங்கிவிடுகிறது. யுரேனஸில் பனிமூட்டப் படலம் கொஞ்சம் கனம், அதனாலே வெளிறிப்போய்த் தெரிகிறது. நெப்டியூனில் அந்தப் படலம் மெல்லிசு, அதனாலே ஒரு சாயல் நீலம் கூட. அவ்வளவுதான் வித்தியாசம். அக்கா தங்கை மாதிரி இருந்த இரண்டு கோள்களை, ஒருத்தி பச்சை, ஒருத்தி நீலம் என்று முப்பத்தைந்து வருஷமாகப் பிரித்து வைத்தது யார்? படம்.

இங்கே இருக்கிற தாய்மார்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஜவுளிக் கடையிலே சேலை எடுக்கிறோம். கடைக்காரர் விளக்கு வெளிச்சத்திலே விரித்துப் போடுகிறார். தகதக என்கிறது. நாம் அங்கேயே வாங்குகிறோமா? "தம்பி, கொஞ்சம் வாசலுக்குக் கொண்டா" என்கிறோம். வெயிலிலே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பில் போடச் சொல்கிறோம். வீட்டுக்காரர் வெளியே, "அதே சேலைதானே, எத்தனை தடவை பார்ப்பாய்?" என்று முணுமுணுப்பார். ஐயா, அதுதான் விஞ்ஞானம்! ஆக்ஸ்போர்டிலே செய்ததும் அதுதான். கடை வெளிச்சத்தில் பார்த்த நெப்டியூனை வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். (சிரிப்பு, கைதட்டல்)

வெள்ளிக்கு வருகிறேன். அந்தப் பெயரை வைத்தது யார்? தொலைநோக்கி இல்லாத நம் பாட்டன் பூட்டன். இந்தப் பள்ளத்தாக்கிலே திராட்சைத் தோட்டத்துக்கும் நெல் வயலுக்கும் விடியுமுன் போகிறவர்களைக் கேளுங்கள், "விடிவெள்ளி முளைச்சிருச்சு" என்பார்கள். வெள்ளை வெளேர் என்று மின்னியது, வெள்ளி என்றான். அறிவியலும் அதைத்தான் சொல்கிறது. வெள்ளியைச் சுற்றிக் கந்தக அமில மேகம் போர்த்தியிருக்கிறது. தன்மேல் படும் சூரிய ஒளியிலே முக்கால் பங்கை அப்படியே திருப்பி அனுப்புகிறது. நேரிலே பார்த்தால் லேசாக மஞ்சள் ஓடிய வெள்ளை.

அப்படியானால் புத்தகத்திலே நெருப்புத் துண்டு மாதிரி ஆரஞ்சாக இருக்கிறதே, அது எது? 1990 முதல் 1994 வரை மெகல்லன் என்ற விண்கலம் வெள்ளியைச் சுற்றி வந்து, மேகத்தைத் துளைக்கிற ரேடார் அலையாலே தரையை வரைந்தது. ரேடார் மேடு பள்ளத்தைச் சொல்லும், கரடு முரடைச் சொல்லும். நிறம் சொல்லுமா? சொல்லாது. 1982-ல் ரஷ்யர்களுடைய வெனரா 13, வெனரா 14 கலங்கள் அங்கே இறங்கித் தரையைக் கலரிலே படமெடுத்திருந்தன. கனத்த மேகத்தின் வழியே வடிகட்டி வந்த வெளிச்சத்திலே பாறை ஆரஞ்சாகத் தெரிந்தது. அந்த நிறத்தை எடுத்து ரேடார் படத்துக்குப் பூசினார்கள். ஆகப் புத்தகத்திலே இருப்பது மேகத்தை உரித்த வெள்ளி. வானத்திலே இருப்பது மேகம் போர்த்திய வெள்ளி. சொல் 'வெள்ளை' என்கிறது, படம் 'ஆரஞ்சு' என்கிறது. எது உண்மை? எங்கள் அணிக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? (கைதட்டல்)

செவ்வாயைப் பாருங்கள். 1976 ஜூலை 20-ல் வைக்கிங் 1 அங்கே இறங்கியது. முதல் கலர் படம் வந்தது. ஆகாயம் நம் ஊர் ஆகாயம் மாதிரி நீலமாக இருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு நிறத்தைச் சரிபார்த்துவிட்டு, 'அங்கே ஆகாயம் நீலமில்லை, இளஞ்சிவப்பு' என்று அறிவித்தார்கள். கூடியிருந்த நிருபர்கள் விளையாட்டாகக் கூச்சல் போட்டார்களாம், கார்ல் சேகன் எழுதியிருக்கிறார். ஏன் கூச்சல்? செவ்வாயும் நம்ம ஊர் மாதிரியே இருக்க வேண்டும் என்ற ஆசை! படத்திலே நாம் தேடுவது உண்மையை அல்ல ஐயா, நம் ஆசையை.

நம் நாட்டு மங்கள்யான் 2013 நவம்பர் 5-ல் கிளம்பி, 2014 செப்டம்பர் 24-ல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. திட்ட இயக்குநர் சுப்பையா அருணன், திருநெல்வேலிச் சீமைக்காரர். அதிலே இருந்த கலர் கேமரா, எழுபத்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நின்று செவ்வாயின் முழு முகத்தையும் எடுத்தது. ரத்தச் சிவப்பா? இல்லை. சுட்ட செங்கல் காவியும் பழுப்பும் கலந்த நிறம். அந்தச் சிவப்பும் மேல் பூச்சுதான். இரும்புத் துரு ஏறிய தூசி. 2013-ல் கியூரியாசிட்டி வண்டி ஒரு பாறையைத் துளைபோட்டுப் பார்த்தபோது உள்ளே இருந்து வந்த பொடி சாம்பல் நிறம்! செவ்வாய் என்று நாம் சொல்வது செவ்வாயின் சட்டையை மட்டும்தான்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? இந்த ஊருக்கு மேற்கே மலை தெரிகிறதே, மாலையிலே பார்த்தால் என்ன நிறம்? நீலம். அடிவாரத்துக்குப் போனால்? பச்சை, நடுநடுவே பாறை. நீலத்தை யார் வழித்து எடுத்தார்கள்? நமக்கும் மலைக்கும் நடுவே இருக்கிற காற்று பூசிய நீலம் அது. இதை எனக்குச் சொல்ல ஆக்ஸ்போர்டு வேண்டாம். ஆடு மேய்க்கிற கோம்பைப் பிள்ளை சொல்லும்.

எதிரணித் தம்பி சீட்டை ஆட்டுகிறார். கேட்கப் போகிற கேள்வி எனக்குத் தெரியும். "அம்மா, சனியைக் கறுப்பு என்று சொன்னது சொல்தானே? புறநானூற்றிலே கபிலர், பாரியின் நாட்டைப் பாடும்போது சனியை 'மைம்மீன்' என்று சொல்லவில்லையா? 'காரி' என்று பெயர் இல்லையா?" இருக்கிறது தம்பி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டவன் ராத்திரி தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தால், மங்கலான மஞ்சள் ஒளியோடு சனி நிற்பது தெரியும், திருத்திக்கொள்வான். படத்தைப் பார்த்தவனோ வானத்தையே பார்க்க மாட்டான். 'அதுதான் பார்த்துவிட்டோமே' என்பான். சொல் தேட வைக்கும், படம் தேடலை முடித்துவிடும். அதுதான் வித்தியாசம்! (கைதட்டல்)

பக்கத்திலேயே குச்சனூர் இருக்கிறது. சுயம்பு சனீஸ்வரர். கறுப்புத் துணி சாத்துகிறோம், எள் விளக்குப் போடுகிறோம். அது பக்தி. அந்தக் கறுப்பு ஓர் அடையாளம், அதிலே நான் கை வைக்க மாட்டேன். ஆனால் வானத்துச் சனியின் நிறத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2004 முதல் 2017 வரை காசினி விண்கலம் சனியைச் சுற்றியது. அது அனுப்பிய இயற்கை நிறப் படங்களிலே பெரும்பகுதியும் சனி வெளிர் பொன் நிறம். சந்தனத்தைக் குழைத்துப் பூசினாற்போல இருக்கிறது. 'கறுத்தவன்' என்று நாம் பயந்த ஒருவர் அங்கே பொன்னாக நிற்கிறார்!

நிலாவைக் கேளுங்கள். பால் நிலா, வெள்ளி நிலா என்று பாடாத புலவன் இல்லை. 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான் 3 நிலாவிலே இறங்கியது. விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் தலைமையிலே நடந்தது அந்தச் சாதனை. அது அனுப்பிய படத்திலே என்ன பார்த்தோம்? சாம்பல் மண். நிலா தன்மேல் படும் ஒளியிலே நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவுதான் திருப்பித் தருகிறது. பழைய தார் ரோடு தருகிற அளவு! இனிமேல் வீட்டுக்காரர், "உன் முகம் நிலா மாதிரி இருக்கு" என்றால், "எந்த ரோடுங்க? கம்பம் ரோடா, தேனி ரோடா?" என்று கேளுங்கள். (பெருத்த சிரிப்பு)

சிரித்துவிட்டீர்கள். இப்போது சிரிக்க முடியாத ஒன்றைச் சொல்லப் போகிறேன்.

என்னிடம் எம்.ஏ. படித்த ஒரு மாணவி. வகுப்பிலே முதல். பேச்சிலே கெட்டி. நிறம் கறுப்பு. வரன் பார்க்கத் தொடங்கினார்கள். போட்டோ எடுக்கப் போனபோது படம் எடுத்தவர், "கொஞ்சம் கலர் ஏத்திக் குடுத்திர்றேம்மா" என்றார். அம்மாவும் சரி என்றார். படத்தைப் பார்த்துப் பிடித்துப்போய் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள். பெண் வந்து நின்றதும் ஒரு பெரியம்மா சொன்னது ஒரே வரி: "போட்டோவிலே நல்ல கலரா இருந்துச்சே?" எழுந்து போய்விட்டார்கள்.

மறுநாள் அந்தப் பிள்ளை என்னிடம் வந்து கேட்டாள்: "அம்மா, நான் எங்கே பொய் சொன்னேன்?"

நடுவர் அவர்களே, அவள் வாயைத் திறக்கவே இல்லை. பொய் சொன்னது படம். அவமானம் அவளுக்கு. 2024-ல் 'நெப்டியூனின் உண்மையான நிறம் இதுதான்' என்று செய்தி வந்தபோது எனக்கு அந்தப் பிள்ளை முகம்தான் நினைவுக்கு வந்தது. நெப்டியூன் நிறம் மாறவில்லை. அது என்றைக்கும் அப்படியேதான் சுற்றிக்கொண்டிருந்தது. நாம் பூசிய சாயத்தை நாமே துடைத்துவிட்டு, 'அடடா, இவ்வளவுதானா?' என்று கோளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால் அது என்ன நியாயம்?

இன்றைக்குப் படம் எடுக்கிறவரே வேண்டாம். செல்போனே நம்மைக் கேட்காமல் கன்னத்தை வழவழப்பாக்குகிறது, நிறத்தை ஏற்றுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைப் பார்க்கிறது. கண்ணாடி மேலே கோபம் வருகிறது. தன் மேலேயே கோபம் வருகிறது. சொல்லாலே பட்ட புண்ணுக்கு இன்னொரு நல்ல சொல் மருந்தாகும். ஒவ்வொரு நாளும் தன்னைத் தானே தாழ்வாகப் பார்க்கவைக்கிற படத்துக்கு மருந்து என்ன?

மருந்தை அந்த மாணவியே கண்டுபிடித்தாள். அடுத்த வரனுக்குச் சாயம் ஏற்றாத படத்தை அனுப்பினாள். பின்பக்கத்திலே தன் கையாலே எழுதினாள்: "நான் இப்படித்தான் இருப்பேன்." வந்தவர்கள், படத்திலே பார்த்த பெண்ணையே நேரிலும் பார்த்தார்கள். கல்யாணம் நடந்தது. எதனாலே? படத்தோடு ஒரு சொல்லும் போனதனாலே! (பலத்த கைதட்டல்)

அதனாலே தாய்மார்களே, பிள்ளைகளுக்குக் கோள்களின் படத்தைக் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. காட்டும்போது, 'இது எப்படி எடுத்த படம், எந்த ஒளியிலே எடுத்தது, நிறத்தைக் கூட்டினார்களா' என்று கேட்கவும் சொல்லிக்கொடுங்கள். அப்படியே மொட்டை மாடிக்கு அழைத்துப்போய் வானத்தையும் காட்டுங்கள். கறுத்த பிள்ளையை மடியிலே வைத்திருக்கும் ஆத்தாமார்கள் இன்னொன்றும் சொல்லுங்கள்: "தங்கம், நீ பார்த்து ஆசைப்படுகிற அந்த நிலாவும் கறுப்புதான். வெளிச்சம் பட்டால் ஊரே நிமிர்ந்து பார்க்கும். உன் மேலேயும் படிப்பு என்கிற வெளிச்சம் படட்டும்."

நடுவர் அவர்களே! கூனியின் சொல்லைவிடப் பொன்மானின் நிறம் கொடியது. திண்ணையிலே சொன்ன கோளைவிட, வானத்துக் கோளுக்குப் பூசிய சாயம் நெடுநாள் ஏமாற்றியது. ஆகவே நம்மை அதிகம் மயக்குவது கண்ணில் படும் படமே, படமே என்று தாங்கள் நல்ல தீர்ப்பு வழங்குவீர்கள் என்று நம்புகிறேன்.